கடைசியாகக் குழாய் மாட்டிய வண்டி

மாமா,

இன்று காலை கடைசி லாரியிலிருந்து குழாயைக் கழற்றியபோது புஸ்ஸென்று கொஞ்சம் கேஸ் வெளியே வந்தது. அந்த வாடை உங்களுக்குத் தெரியும். அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும். கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்று வேண்டுமென்றே கலந்து அனுப்புகிற வாடை. பங்க்கில் இருக்கிற மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் திருப்பவில்லை. நீங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சட்டையில் டீசலும் வேர்வையும் இந்த வாடையுமாகத்தான் வருவீர்கள். "முதல்ல போய்க் குளிங்க, அப்பறம் பேசலாம்" என்று வாசலிலேயே நிறுத்திவிடுவேன். இன்று பாருங்கள், குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு அது காற்றில் போகிறவரை அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வரிசையில் இருந்த ஆட்டோக்காரர், "இன்னாக்கா, நின்னுக்கினே தூங்கிட்டியா?" என்று சத்தம் போட்டார்.

தீபம் முடிந்துவிட்டது. கூட்டமும் வடிந்துவிட்டது. இன்று காலியான அந்தக் கடைசி லாரி உங்களுடையது இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். தீபத்துக்கு நிறுத்துகிற வண்டிகளில் கடைசியாகக் குழாய் மாட்டுவது உங்கள் வண்டிக்குத்தான் என்று வருஷக்கணக்காக நடந்துவந்த வழக்கத்தை நானே மாற்றிவிட்டேன். கோபப்படாமல் முழுசாகக் கேளுங்கள். கோபப்படுகிற ஆளா நீங்கள்? அது எப்போதும் என் வேலைதான்.

நம் ஊருக்கு வண்டிகளுக்குப் பிடிக்கிற இந்த கேஸ் தரைக்கடியில் வருவதில்லை. குழாய் பதிக்கிறோம் பதிக்கிறோம் என்று ரோட்டைத் தோண்டிப் போடுவதோடு சரி. செஞ்சியைத் தாண்டி, பெரிய குழாய் போகிற இடத்தில் இருக்கிற நிலையத்துக்குப் போய்த்தான் பிடித்துக்கொண்டு வரவேண்டும். டிரைவர்கள் எல்லாரும் அதை 'மதர்' என்பீர்கள். நீங்கள் மட்டும் கிளம்பும்போது, "அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பீர்கள், நான் சிரிக்கிறேனா என்று. லாரியின் முதுகில் ஆளுயரச் சிலிண்டர்களை அடுக்கிக் கட்டியிருக்கும். அவற்றில் அழுத்தி நிரப்பிக்கொண்டு வந்து பங்க்கின் பின்பக்கம் நிறுத்துவீர்கள். நாங்கள் அதில் குழாயை மாட்டி ஆட்டோவுக்கும் காருக்கும் பிடிப்போம். மீட்டர் முள் இறங்கி இறங்கி அடிக்கு வந்ததும் வண்டி காலி. மறுபடி அம்மா வீடு.

நான் பங்க்கில் வேலைக்குச் சேர்ந்ததே உங்களைப் பார்க்கத்தான் என்பது ஊரறிந்த விஷயம். அடி அண்ணாமலையில் வீட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், எப்போதாவது அரைத் தூக்கத்தில் வந்து பாயில் விழுகிற உங்களைத்தான் பார்க்கலாம். பங்க்கில் இருந்தால் வண்டியை நிறுத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கிற நேரமாவது எனக்குக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு முதல் நாள் நின்றபோது நீங்கள் லாரியிலிருந்து இறங்கி என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள்.

"சம்பளத்துக்கு வேலைக்கு வரன்னு நெனச்சேன். என்னைக் காவல் காக்கவாமே வந்துகீற?"

"ஆமா, ரோடு ரோடாச் சுத்தற ஆளை எங்கன்னு போய்ப் புடிக்கறது? நீங்க வர எடத்துல நான் நின்னுக்கறேன்."

பக்கத்தில் நின்ற மேனேஜர் சார் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார்.

ஆனாலும் எனக்குக் கிடைத்தது ஒரு டீ நேரம்தான். ஊருக்குப் பசி எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை, உங்களுக்கோ எப்போதும் அவசரம். அமாவாசையை ஒட்டி நாங்கள் பங்க்கில் ஈ ஓட்டுவோம். பௌர்ணமி நெருங்கினால் ஊரில் இருக்கிற ஆட்டோ முழுக்க நம் வாசலில் நிற்கும். கிரிவலத்துக்கு வந்தவர்கள் ஆட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். கேஸ் பிடிக்கும்போது வண்டியில் யாரும் இருக்கக்கூடாது என்று சொன்னால் காதில் வாங்கமாட்டார்கள். "இறங்குங்க, இறங்குங்க" என்று நான் தொண்டை கிழியக் கத்துவேன். நீங்கள் லாரியில் சாய்ந்துகொண்டு, "மலையைச் சுத்த வந்தவங்களை எல்லாம் ஒரு தடவ எறக்கி ஏத்தற. பாதிப் புண்ணியம் உனக்குத்தான்" என்பீர்கள்.

பௌர்ணமிக்கே அப்படி என்றால் கார்த்திகை தீபத்துக்குக் கேட்கவே வேண்டாம். தேவை மலையளவு ஏறும், அதே நேரத்தில் ரோட்டையும் மூடிவிடுவார்கள். தீபத்தை ஒட்டிப் பெரிய வண்டி எதையும் போலீஸ் ஊருக்குள் விடாது. வெளியே போகலாம், உள்ளே வரமுடியாது. அதனால் தடுப்புப் போடுவதற்கு முன்பே நிரப்பிய லாரிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பங்க்கின் பின்பக்கச் சுவரோரம் நிறுத்திவிட வேண்டும். வீட்டில் தண்ணீர் வருகிற நாளில் குடம் குண்டான் எல்லாம் பிடித்து வைப்போமே, அந்த மாதிரி. "தேவை கம்மியா இருக்கறப்பவே கொண்டாந்து வெச்சிக்கணும்மே. ஜாஸ்தியாவறப்ப ரோடு நம்ம கையில இருக்காது" என்று நீங்கள் சொல்வீர்கள். உங்கள் வாயிலிருந்து வந்ததிலேயே பெரிய தத்துவம் அதுதான்.

கேஸோடு நிற்கிற வண்டியை விட்டு டிரைவர் நகரக்கூடாது என்பது சட்டம். ஏதாவது கசிவு, தீ என்றால் அந்த நிமிஷமே வண்டியை வெளியே ஓட்ட ஆள் வேண்டும். ஆக, லாரி நிற்கிறவரை நீங்களும் நிற்க வேண்டும். முதல் வருஷம் மேனேஜர் சார் அதைச் சொன்னபோது மற்ற டிரைவர்கள் எல்லாம் மூக்கால் அழுதார்கள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வருஷம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிற மனுஷனை ஊரே சேர்ந்து எனக்காகப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது!

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வரிசையாக நிற்கிற லாரிகளில் முதலில் குழாய் மாட்டுகிற வண்டி முதலில் காலியாகும், முதலில் கிளம்பும். கடைசியாக மாட்டுகிற வண்டி கடைசிவரை நிற்கும். வந்தவாசி டிரைவர் அண்ணன் வீட்டில் ஏதோ விசேஷம் என்று அவர் வண்டியை முதலில் மாட்டச் சொன்னேன். அடுத்தவருக்குக் காய்ச்சல், பாவம், அவர் வண்டியை மாட்டலாம் என்றேன். மூன்றாவது ஆளுக்கு என்ன சொல்லலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் சார் பேனாவை மேஜையில் வைத்தார்.

"ஏம்மா கலா, உன் வீட்டுக்காரர் வண்டியைக் கடைசியா மாட்டணும். அவ்ளோதான? நேராச் சொல்லேன். எதுக்கு எல்லாருக்கும் காய்ச்சல் வரவெக்கற?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீங்கள் வண்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டீர்கள். எனக்கு வெட்கமே இல்லை. அவர்களுக்கும் சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்றுதான் இருந்தது, நஷ்டம் யாருக்கு? அன்றிலிருந்து தீபத்துக்கு உங்கள் வண்டிதான் கடைசி என்று எழுதாத சட்டமாகிவிட்டது.

அந்த நாட்களில் நாம் அப்படி என்னதான் செய்தோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றுமே செய்யவில்லை. நான் வேலை பார்ப்பேன், நீங்கள் வண்டியைத் துடைப்பீர்கள். மத்தியானம் ஆனால் முன் சீட்டில் படுத்து, காலை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு தூங்குவீர்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உள்ளங்காலில் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டுப் போவேன். என் வேலை நேரம் முடிந்ததும் சுவரோரம் இரண்டு நாற்காலியைப் போட்டு உட்காருவோம். வீட்டிலிருந்து கொண்டுவந்த சோறு ஆறிப்போயிருக்கும், சூடு பண்ண வழியில்லை. "ஊருக்கே கேஸ் வெச்சிக்கினு கீறோம், ஒரு டீ போட முடியல பாரு" என்று தலையில் அடித்துக்கொள்வீர்கள். நெருப்புப் பெட்டியைப் பையில் வைத்திருந்தாலே அங்கே வேலை போய்விடும். தீபத்தன்று ஊரில் வாசலுக்கு வாசல் அகல் எரியும்போது நம் பங்க்கில் மட்டும் ஒன்றும் எரியாது. நமக்கும் சேர்த்து மலைமேல் ஏற்றுகிறார்கள் என்று அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வோம்.

ஒரு வருஷம் புயல் மழை பிடித்துக்கொண்டதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. லாரிகள் முழுக்க முழுக்க நின்றன. ஊருக்குள் வழக்கமான கூட்டத்தில் பாதிகூட இல்லை. ஆட்டோக்காரர்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார்கள். மேனேஜர் சார் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்து வானத்தை முறைத்துக்கொண்டிருந்தார். கேஸ் போகவில்லை என்றால் வண்டி காலியாகாது. வண்டி காலியாகாவிட்டால் நீங்கள் போகமுடியாது. நான் மலையைப் பார்த்துக் கும்பிட்டு, "இன்னும் ரெண்டு நாள் பெய்யட்டும்" என்றேன். நீங்கள் பதறிப்போனீர்கள்.

"ஏய், வாயை மூடு. ஆட்டோக்காரங்க வயித்தெரிச்சலைக் கொட்டிக்காத."

"உங்களுக்கு வேணாம்னா சொல்லுங்க, மழையை நிறுத்தச் சொல்றேன்."

நீங்கள் கண்ணாடியில் வழிகிற தண்ணீரைப் பார்த்தீர்கள். பிறகு, "ஒரு நாள் பெஞ்சா போதும்" என்றீர்கள். வேலூரில் நர்சிங் படிக்கிற நம் மகளும் விடுதியிலிருந்து வந்திருந்தாள். மூன்று பேரும் லாரியின் முன் சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து, பொரி உருண்டையைக் கடித்துக்கொண்டு, மேகத்துக்குள் மலை எங்கே இருக்கிறது என்று தேடினோம். மகள், "வீட்ல கூட நாம இப்டி உக்காந்ததில்லப்பா" என்றாள். அது உண்மைதான். நம் வீட்டில் நாம் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்த நாள் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

அதற்கு நேர்மாறாக ஒரு வருஷம் வந்தது. வானம் பளிச்சென்று இருந்தது. மழை வருஷத்தில் நஷ்டப்பட்ட பயத்தில் மேனேஜர் சார் ஒரு லாரியைக் குறைத்துச் சொல்லியிருந்தார். கூட்டம் எள் போட்டால் விழாத அளவுக்கு வந்தது. தீபத்துக்கு முந்தின நாளே மற்ற வண்டிகள் காலியாகி, உங்கள் வண்டியிலும் குழாய் மாட்டி, மறுநாள் விடியும்போது முள் அடியில் கிடந்தது. சார் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஒரு நடை போயிட்டு வந்துடுப்பா. போலீஸ்ல நான் பேசிக்கறேன்."

நான் போகாதீர்கள் என்றேன். வெளியே போனால் உள்ளே விடமாட்டார்கள் என்று சண்டை போட்டேன். "வரிசையில நிக்கறவங்களைப் பாரு கலா. அவங்களுக்கு வருஷத்துல இதான் பொழப்பு" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அன்று முழுக்க உங்களைத் திட்டினேன்.

நான் பயந்த மாதிரியேதான் ஆனது. திரும்பி வரும்போது கீழ்பென்னாத்தூர் பக்கம் ரோட்டோரமாக வண்டியை நிறுத்திவிட்டார்கள். சார் யார் யாருக்கோ போன் போட்டும் நடக்கவில்லை. அங்கே நீங்கள் முழு லாரி கேஸோடு நிற்கிறீர்கள், இங்கே ஒரு மூச்சு கேஸ் இல்லாமல் ஆட்டோக்காரர்கள் என்னை வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள். சாயங்காலம் மலைமேல் தீபம் ஏற்றினார்கள். ஊரே அரோகரா என்று எழுந்தது. நான் வாசலுக்கு வெளியே ஓடிப்போய் உங்கள் நம்பரைப் போட்டுக்கொண்டே இருந்தேன். அந்த நேரத்தில் போன் எங்கே கிடைக்கும்? எப்படியோ ஒரு தடவை மாட்டியது.

"தெரியுதா மாமா?"

"தெரியுது தெரியுது. புள்ளி மாதிரி. வயக்காட்டுக்கு மேல நிக்குது. உனக்கு?"

"எனக்குப் பெரிசாத் தெரியுது."

"அப்ப எனக்கும் சேத்துப் பாரு."

போன் அறுந்துவிட்டது. அதுதான் நமக்கு இருந்த கடைசி தீபம் என்று அப்போது யாருக்குத் தெரியும்? தெரிந்திருந்தால் காலையில் வண்டிக்கு முன்னால் படுத்திருப்பேன்.

அதற்கு அடுத்து வந்த சித்ரா பௌர்ணமிக்குக் கேஸ் சேர்க்கிற நேரம் அது. வெயில் மண்டையைப் பிளந்தது. மதரில் நீளமான வரிசை என்று காலையில் போனில் சொன்னீர்கள். "நெஞ்சு ஒரு மாதிரி கரிக்குது, நேத்து சாப்ட்டது சரியில்ல" என்றும் சொன்னீர்கள். மோர் வாங்கிக் குடியுங்கள் என்றேன். மாமா, மோர் குடியுங்கள் என்றேன். வரிசையில் முன்னால் நின்ற வண்டி நகர்ந்ததாம், உங்கள் வண்டி நகரவில்லையாம். பின்னால் நின்றது வந்தவாசி அண்ணன். ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கிப் போயிருக்கிறார். நீங்கள் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தீர்களாம். கண்ணை மூடியிருந்ததால் தூங்குகிறீர்கள் என்றுதான் முதலில் நினைத்தாராம்.

நான் அப்போது ஒரு ஆட்டோவுக்குப் பிடித்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் சார் அறையிலிருந்து வெளியே வந்து, என் கையிலிருந்த குழாயை வாங்கினார். அவர் அதைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. எப்படிக் கழற்றுவது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. ஏதோ நடந்துவிட்டது என்று அதில்தான் எனக்குத் தெரிந்தது.

நீங்கள் பிடிக்கப்போன கேஸை மறுநாள் வேறு ஒருவர் கொண்டுவந்து சேர்த்தாராம். பௌர்ணமிக்குத் தட்டுப்பாடு இல்லையாம். காரியமெல்லாம் முடிந்து நான் திரும்பி வந்தபோது, எனக்கு ஆறுதல் என்று நினைத்து யாரோ இதைச் சொன்னார்கள். நான் தலையை ஆட்டினேன். ஊருக்கு வேண்டியது வந்து சேர்ந்துவிட்டது, நல்லது.

அந்த வருஷம் தீபம் வந்தது. நான் எதுவும் கேட்கவில்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை. உங்கள் வண்டியைச் சுவரோரம் அதே இடத்தில் நிறுத்திவிட்டு மற்ற வண்டிகளில் குழாய் மாட்டினார்கள். வேலை முடிந்ததும் நாற்காலியைத் தூக்கிப்போய் அதன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். இன்னொரு நாற்காலியை மேனேஜர் சாரே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அடுத்த வருஷமும் அப்படித்தான். ஓட்டி வருகிற டிரைவர் வேறு வேறு ஆளாக இருந்தாலும் வண்டி கடைசிவரை நின்றது. இதை இங்கே யாராவது பைத்தியக்காரத்தனம் என்று சொல்லியிருந்தால் நானும் ஒத்துக்கொண்டிருப்பேன். யாரும் சொல்லவில்லை. அந்த நாட்களுக்காகத்தான் நான் மற்ற மாதங்களை எல்லாம் தள்ளிக்கொண்டு வந்தேன்.

இந்த வருஷம் உங்கள் வண்டியை ஓட்டி வந்தவன் ஏழுமலை. முப்பதைத் தொடாதவன், அதிகம் பேசாதவன். தீபத்துக்கு முந்தின நாள் காலையில் பார்க்கிறேன், வாசலுக்கு வெளியே போய்ப் போன் பேசுகிறான். திரும்பி வந்து வண்டியில் கை வைத்துவிட்டு மறுபடி வெளியே போகிறான். உள்ளே போன் எடுக்கக்கூடாது இல்லையா, அதனால் இதே நடை.

"இன்னாப்பா, கேட்டுக்கும் வண்டிக்குமே கிரிவலம் முடிச்சிட்ட போல. வீட்ல ஏதாவது விசேஷமா?"

கூச்சத்தோடு சிரித்தான். "கொழந்த பொறந்திருக்குக்கா. பொண்ணு."

"அடப்பாவி, எப்ப?"

"போன வாரம். மாமியார் வீட்ல, கீழ்பென்னாத்தூர்ல கீறாங்க."

"பாத்தியா?"

"போன்ல பாத்தேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தோ கூப்புடற தூரத்துல கீழ்பென்னாத்தூரை வெச்சிக்கினு போன்ல பாத்தியா? சார்கிட்ட சொல்லி உன் வண்டியை முதல்ல மாட்டச் சொல்றதுக்கென்ன? காலியாயிருந்தா இந்நேரம் ஓட்டிக்கினு போயிருக்கலாமே."

அவன் பிடரியைத் தடவிக்கொண்டான். "அது உங்க வீட்டுக்காரர் ஓட்டுன வண்டிக்கா. தீபத்துக்கு அதைக் கடைசியாத்தான் எடுப்போம்னு வந்தன்னிக்கே சொல்லிட்டாங்க. நீங்க அது பக்கத்துல வந்து உக்காருவீங்கன்னு... நான் எப்டிக்கா வாயைத் தொறந்து கேக்கறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது மாமா. உங்களை வைத்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டு, நான் இன்னொரு பெண்ணின் புருஷனைப் பிடித்து வைத்திருக்கிறேன்.

ஆனாலும் மனசு உடனே இறங்கவில்லை, பொய் சொல்வானேன்? எதிர்க்கடைக்குப் போய் டீ வாங்கிக்கொண்டு நின்றேன். குழந்தை எங்கே ஓடிவிடப்போகிறது, தீபம் முடிந்ததும் போய்ப் பார்க்கட்டுமே, நடுவில் இரண்டு நாள்தானே என்றுகூட நினைத்தேன். உடனே எனக்கே தூக்கிவாரிப்போட்டது. இரண்டு நாள்தானே என்று அந்தக் காலத்தில் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் கண்ணைத் தோண்டியிருப்பேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

"சார், ஏழுமலை வண்டியை இப்ப மாட்டிடலாம்."

சார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "உங்க வண்டியா? நிஜமாவாம்மா?"

"ஏழுமலை வண்டி சார். மாட்டச் சொல்லுங்க, இல்லன்னா நானே மாட்டிடறேன்."

நானேதான் மாட்டினேன். அன்று முழுக்க வரிசை குறையவே இல்லை. ஒவ்வொரு ஆட்டோவாக வந்து பிடித்துக்கொண்டு போனது, நான் ஒவ்வொரு தடவையும் உங்கள் வண்டியின் முள்ளைத் திரும்பிப் பார்த்தேன். பாதிக்கு வந்தபோது நிறுத்திவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வெயில் தாழ்வதற்குள் காலியாகிவிட்டது. ஏழுமலை ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "அக்கா..." என்றான். "சீக்கிரம் போடா, மறுபடி மனசு மாறிடப்போறேன்" என்று விரட்டினேன். வண்டி வாசலைத் தாண்டி வளைந்து போனது.

மறுநாள் சாயங்காலம் தீபம் ஏற்றினார்கள். எல்லாரும் பின்பக்கம் வந்து நின்று மலையைப் பார்த்தோம். சுவரோரம் எண்ணெய்க் கறை படிந்த வெறும் தரை கிடந்தது. அழுதேன். நன்றாகவே அழுதேன், யாரும் என்னைத் தடுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே வந்தபோது என் போன் அடித்தது. ஏழுமலைதான். குழந்தையின் சத்தத்தைக் கேளுங்கள் என்று போனை அதன் பக்கத்தில் வைத்தான். அது வீல் வீலென்று கத்தியது. அதற்கு மேலே ஒரு பெண் குரல், மெதுவாக அவனைக் கேட்டது: "போன் பங்க்லருந்தா? நாளைக்கே வரச் சொல்றாங்களா?"

அந்தக் குரலை எனக்குத் தெரியும் மாமா. அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஏழுமலை, போனை அவகிட்ட குடு" என்றேன்.

"சொல்லுங்கக்கா" என்றாள்.

"இங்க கேஸ் நெறைய கீதும்மா. வண்டிங்க முழுசா நிக்குது. உன் வீட்டுக்காரரை இப்ப யாரும் கூப்பிடமாட்டாங்க. நல்லா வெச்சிக்க."

மேனேஜர் சார் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முழுசாக நின்றது ஒரே ஒரு வண்டிதான் என்பது அவருக்கும் தெரியும். "கம்பெனில கேட்டா நான் சொல்லிக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். கேஸ் எப்படியோ போதுமானதாக இருந்தது. இன்று காலையில்தான் அந்த வண்டியும் தீர்ந்தது.

அந்தத் தீப நாட்களை எல்லாம் மனசில் சேர்த்து வைத்திருப்பாய், அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள் என்று எனக்கு ஆறுதல் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நாம் எங்கே மாமா சேர்த்து வைத்தோம்? ஊருக்குத்தான் சேர்த்து வைத்தோம். நமக்குக் கிடைத்ததை அன்றைக்கன்றைக்கே, ஆறிப்போன சோற்றையும் பொரி உருண்டையையும் தின்று தீர்த்துவிட்டோம். மிச்சம் ஒன்றுமில்லை. நினைத்துப் பார்ப்பதால் எனக்கு வயிறு நிறைவதில்லை. எனக்கு இன்னும் ஒரு நாள் வேண்டும். ஒன்றும் செய்யவேண்டாம், பேசக்கூட வேண்டாம், சும்மா வந்து உட்கார்ந்தால் போதும்.

அடுத்த வாரம் ஏழுமலை நிரப்பிக்கொண்டு வருவான். மகளுடைய படத்தைக் காட்டுவான், நானும் பார்த்துவிட்டு நல்லதாக நாலு வார்த்தை சொல்வேன். ஆனால் உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? எந்த லாரி உள்ளே திரும்பினாலும், குழாயைக் கையில் எடுப்பதற்கு முன்னால், என் கண் டிரைவர் பக்கத்து ஜன்னலுக்குத்தான் போகிறது. யார் ஓட்டி வருகிறார்கள் என்று தெரிந்துதான் பார்க்கிறேன். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன், மாமா.

உங்கள்
கலா